ஒரே வீட்டில் இரண்டு அனுமதிப்பத்திரங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. நான் ஆயுள் காப்புறுதி முகவர். மற்றது என் கணவருடையது. அவர் வாகன இழப்பு மதிப்பீட்டாளர். ஒரு லொறியோ வேனோ பள்ளத்தில் விழுந்துவிட்டால் அங்கே போய், அதன் அடியில் படுத்துப் பார்த்து, எது நசுங்கியது, எதைத் தட்டி எடுக்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும், காப்புறுதி நிறுவனம் எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. அவர் நிறுவனத்தின் ஆளும் அல்ல, வாகனக்காரரின் ஆளும் அல்ல. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வேண்டியவர்.

இரண்டு அனுமதிகளையும் தருவது கொழும்பில் உள்ள ஓர் அரச சபை. வருடா வருடம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது, வைத்தால் குற்றம். ஹட்டன் டவுனுக்கு மேலே, மரக்கறிக் கடைகளுக்குப் பின்னால் ஏறும் படிகளின் முடிவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அக்கம்பக்கத்தில் எல்லோரும் "இன்சுரன்ஸ் வீடு" என்றுதான் சொல்வார்கள்.

என் கணவர் டவுனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். மாமனார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். சாதாரண தரப் பரீட்சை முடித்ததும் இவரை ஒரு கராஜில் சேர்த்துவிட்டார்கள். பகலில் கிரீஸ் கையோடு நின்று, சனி ஞாயிறுகளில் கண்டிக்குப் போய்ப் படித்தார். பிறகு கண்டியில் ஒரு மூத்த மதிப்பீட்டாளரிடம் பல வருடம் கூடவே போய் வந்து வேலை பழகினார். அனுமதிக்கான பரீட்சையை சிங்களத்தில் எழுதினார். முதல் முறை தவறிப்போனது. இரண்டாவது முறை கிடைத்தது.

அனுமதி கையில் வந்த பிறகு நடந்த முதல் வேலையைப் பற்றி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வலப்பனைப் பக்கம் ஒரு பார ஊர்தி கவிழ்ந்திருந்தது. பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தன் அட்டையைக் காட்டியதும் சார்ஜன்ட் எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டாராம். "மாத்தையா வாடிவென்ன", ஐயா உட்காருங்கள், என்று சொன்னாராம். அதற்கு முன்னால் பொலிஸ் நிலையத்தில் அவருக்கு யாரும் கதிரை கொடுத்ததில்லை. அவருடைய அப்பாவுக்கும் கொடுத்ததில்லை.

எங்கள் அறிமுகமும் கராஜில்தான். நான் புதிதாக முகவர் வேலையில் சேர்ந்து, கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம். அந்தக் கராஜில் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "நான் செத்தா காசு யாருக்குன்னு போடணும்?" என்றார்.

"ஒங்க சம்சாரத்துக்கு."

"இல்லையே."

"அப்ப அம்மாவுக்குப் போடுங்க."

அம்மாவுக்குப் போட்டார். அடுத்த வருடம் அந்தப் பெயரை நானே மாற்றி எழுதினேன். மாமியார் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத தீபாவளி கிடையாது.

இரண்டு பேருக்கும் வேலை நடந்த வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. எனக்குச் சம்பள நாளுக்கு அடுத்த நாட்கள் முக்கியம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்துப் போவேன். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து, அவர்கள் கை கால் கழுவி வரும் வரைக்கும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பேன். தேத்தண்ணி வரும். அதற்குப் பிறகுதான் காசு, கணக்கு, கையெழுத்து. அவருக்கு மழைக்காலம் முக்கியம். மழை பிடித்தால் வளைவுகளில் வாகனங்கள் வழுக்கும், தொலைபேசி அடிக்கும். அவர் போகும் திசையில் எனக்கும் தோட்டம் இருந்தால் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்வேன். என்னை லயத்துக்குத் திரும்பும் பாதையில் இறக்கிவிட்டு அவர் பள்ளத்தைத் தேடிப் போவார். திரும்பி வரும்போது சட்டை முழுக்கச் சேறாக இருக்கும்.

வாகனக்காரர்கள் அவரிடம் கோபமாகத்தான் வருவார்கள். எல்லோருக்கும் முழு வாகனத்துக்கும் காசு வேண்டும். அவர் சத்தம் போட மாட்டார். வாகனத்தைச் சுற்றி அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். "இது ஏற்கனவே துருப்பிடிச்சதுங்க, இதுக்கு அவங்க தர மாட்டாங்க. இது விழுந்ததுல ஒடஞ்சது, இதுக்குத் தருவாங்க" என்று கையால் தொட்டுக் காட்டிச் சொல்வார். சிங்களவர் என்றால் சிங்களத்தில், நம்மவர் என்றால் நம் பேச்சில். முழுதும் கேட்ட பிறகு கோபம் பாதியாகிவிடும். கேட்ட தொகை கிடைக்காது என்று தெரிந்தும் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, எல்லாவற்றுக்கும் விலை ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்ட பிறகுதான் அந்த அறிவித்தல் வந்தது. முகவர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் வருடாந்தக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தப் போகிறோம், அதற்கு முன்னால் கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் கொழும்புக்கு வரலாம் என்று இருந்தது.

அந்தச் சபையை நான் குறை சொல்ல மாட்டேன். காசை வாங்கிக்கொண்டு காணாமல் போன போலி முகவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் ஒரு லயமே ஏமாந்தது. அதற்குப் பிறகு அந்த லயத்துக்கு நான் போனபோது நாயைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். கண்காணிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதெல்லாம் விளங்கியது. எங்களால் முடியுமா என்பதுதான் விளங்கவில்லை.

இரண்டு பேரும் கொழும்புக்குப் போனோம். ரயிலில் ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி வரைக்கும் அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தபடி வந்தார். சொல்லப் போவதை சிங்களத்தில் ஒத்திகை பார்க்கிறார் என்று தெரிந்தது. என்னிடம் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"கொழும்புல ஒரு கம்பனியில பெரிய பெரிய வேலை எல்லாம் எடுக்குறாங்க. கப்பல், பெக்டரி, எல்லாம். அவங்களுக்கும் அதே கட்டணம். நான் தனி ஆளு. மழை பெஞ்சா வேலை, இல்லன்னா இல்ல. எனக்கும் அதே கட்டணம். இதைத்தான் கேக்கப் போறேன். தூர மாவட்டத்துக்கு ஒரு கொறஞ்ச கட்டணம் போட முடியுமான்னு."

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே சொல்லுங்க."

"நீ?"

"நான் எதுக்கு? ஒங்களுக்குத் தொணைக்குத்தானே வர்றேன்."

மண்டபம் நிறைய முகவர்கள். பெண்கள் பாதிக்கு மேல். மதிப்பீட்டாளர்கள் ஒரு மூலையில் ஒரே வரிசையில் அடங்கிவிட்டார்கள். அதில் கழுத்துப்பட்டி கட்டாதவர் இவர் ஒருவர்தான். முகவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மாத்தறை, குருநாகல், கம்பஹா. பேசியவர்களில் யாரும் மலையைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தைரியம் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. கையைத் தூக்கினேன். தமிழில் பேசலாமா என்று கேட்டேன். மேடையில் இருந்த ஒரு தமிழ் அதிகாரி, "பேசுங்க, நான் மொழிபெயர்க்கிறேன்" என்றார்.

"எங்க பக்கத்துல ஒரு பாலிசி எடுக்குறதுக்கு ஒரு அம்மா மாசக்கணக்கா யோசிப்பாங்க. அத்தனை மாசமும் நாங்க நடந்து போய் வர்றோம். பஸ் போகாத எடம். இந்தக் கட்டணத்தைக் கூட்டினா மொதல்ல நிப்பாட்டப் போறது டவுன்ல இருக்கற முகவர் இல்லைங்க. மலைக்கு நடந்து போற பொம்பளைங்கதான். நாங்க நிப்பாட்டினா அந்த அம்மாவுக்கு யாரும் போக மாட்டாங்க."

அந்த அதிகாரி அதை சிங்களத்தில் சொல்லி முடித்ததும் பின்னால் யாரோ கை தட்டினார்கள். பிறகு பலரும் தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

மதிப்பீட்டாளர்களின் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கூட்டம் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. என் கணவர் எழுந்து நின்றார். சிங்களத்தில், "நான் ஹட்டனில் இருந்து வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் தனியாக வேலை செய்யும் மதிப்பீட்டாளர்கள் மிகக் குறைவு" என்றார். நிறுத்தினார். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. தலைவர் இடத்தில் இருந்த அம்மையார் காத்திருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

"இல்லை, நோனா" என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம். ரம்புக்கனை தாண்டிய பிறகுதான் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "நீ நல்லாப் பேசின" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து புதிய கட்டணத்தை அறிவிக்கும் அரச வர்த்தமானி வந்தது. முகவர்களின் கட்டணத்தைக் குறைவாகவே ஏற்றியிருந்தார்கள். அதிலும் பாதியை நிறுவனங்கள் கட்ட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தோம், எங்கள் சத்தம் கேட்டது. மதிப்பீட்டாளர்களின் கட்டணம் முதலில் சொன்னபடியே இருந்தது. கொழும்புக் கம்பனிக்கும் ஹட்டனில் மோட்டார் சைக்கிளில் போகும் ஆளுக்கும் ஒன்றே.

அந்த நேரத்தில் அவருக்கு வேலையும் மெலிந்துகொண்டு வந்தது. நிறுவனங்கள் சின்ன விபத்துகளுக்குத் தங்கள் ஆட்களையே கைத்தொலைபேசியோடு அனுப்பத் தொடங்கியிருந்தன. படம் எடுத்து அனுப்பினால் கொழும்பில் இருந்தே பதில் வந்துவிடும். பெரிய விபத்துகளுக்கு மட்டும்தான் இவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் மகள் அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். காசு கட்டித் தனி வகுப்புகளுக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் பேச்சை எடுத்தேன்.

"என்னோடதை நிப்பாட்டிறவா? நீங்க ஒங்களோடதைக் கட்டுங்க."

"எதுக்கு?"

"நீங்க எத்தனை வருசம் படிச்சு எடுத்தது. நான் மூணு நாள் வகுப்புக்குப் போய் ஒரு பரீட்சை எழுதினேன், அவ்வளவுதான்."

"படிச்சதை வச்சுப் பாக்க முடியாது" என்றார். தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. "ஒன்னோடதுல மாசா மாசம் ஏதோ வருது. என்னோடது மழைய நம்பி இருக்கு. இப்ப மழை பெஞ்சாலும் கூப்புடுறதில்ல."

"ரெண்டையும் கட்டப் பாப்போம். எப்படியாவது..."

"அடுத்த வருசம்? அதுக்கு அடுத்த வருசம்?"

மகள் உள்ளே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். பக்கம் புரளும் சத்தமே வரவில்லை.

அவர் கட்டவில்லை. கடைசித் தேதி எந்த ஆரவாரமும் இல்லாமல் போனது. அன்றைக்கு அவர் வீட்டுக் கூரையில் ஒழுகிய தகரத்தை மாற்றினார். மேலே இருந்து சுத்தியல் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் பழைய கராஜில் நாள் சம்பளத்துக்குப் போனார். வேலை இல்லாத நாட்களில் என்னைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போய்விட்டு, லயத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் என்னிடம், "வெளிய நிக்கிறது யாரு, ஒங்க வீட்டுக்காரரா? உள்ள வரச் சொல்லுங்க அக்கா" என்பார்கள். முன்பு இதே தோட்டங்களில் லொறிக்காரர்கள் அவரை ஐயா என்று கூப்பிட்டார்கள். இப்போது அவர் இன்சுரன்ஸ் அக்காவின் வீட்டுக்காரர். அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. வெளியே நின்ற பிள்ளைகளுக்கு சைக்கிள் சங்கிலி மாட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். அவர் ஹட்டனில் ஒரு வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மகளையும் அவர்தான் சின்ன வகுப்பில் கூட்டிக்கொண்டு போனார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய வேன் ஒரு நாள் காலையில் வளைவில் வழுக்கித் தேயிலைக்குள் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. வேனில் அவர் மட்டும்தான். நெற்றியில் ஒரு கீறல், கையில் வீக்கம், வேறொன்றும் இல்லை.

செய்தி கேட்டு இரண்டு பேரும் ஓடினோம். அண்ணன் வீதியோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். இவர் போய்த் தோளைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, கையை மடக்கி நீட்டச் சொல்லி, தண்ணீர் குடிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் கீழே வேனைப் பார்த்தார். இறங்கிப் போகவில்லை. மேலே இருந்தே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எறங்கிப் பாரு மச்சான்" என்றார் அண்ணன்.

"கம்பனிக்கு போன் அடிச்சுட்டியா?"

"அடிச்சாச்சு. ஆளு வருதாம். நீ பாத்துச் சொல்லு."

"வர்றவரு பாப்பாரு."

நிறுவனத்தின் ஆள் கண்டியில் இருந்து வந்து சேர மத்தியானம் ஆனது. இளம் வயது, நல்ல பிள்ளை. சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கி, எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். மேலே வந்து சிங்களத்தில் கொஞ்சம் சொன்னார். எவையெவை கிடைக்கும், எவை கிடைக்காது என்று. வேகமாகச் சொன்னார். அடுத்த இடத்துக்கு அவர் போக வேண்டும். அண்ணனுக்கு சிங்களம் தெரியும், ஆனால் அன்றைக்கு அவருக்கு எந்த மொழியும் ஏறுகிற நிலையில் இல்லை. கிடைக்காது என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"மச்சான், நீ ஒரு வார்த்தை சொல்லு இவருகிட்ட" என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இப்ப லைசன் இல்ல. நான் இதுல பேசக் கூடாது. பேசினேன்னு எழுதினாங்கன்னா ஒனக்குத்தான் காசு வராம இழுபடும்."

"நான் ஒன்ன எழுதச் சொல்லலையே. பேசத்தானே சொன்னேன்."

"பேசக் கூடாதுடா."

"லைசன் இல்லன்னா வாயும் இல்லாமப் போச்சா ஒனக்கு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்த இளைஞர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் எங்களோடு வர மாட்டேன் என்றார். ஓர் ஓட்டோவைப் பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கிடைத்த பணம் வேனை முழுதாகத் திருத்தப் போதவில்லை. கொஞ்ச காலம் அது அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பிறகு விற்றுவிட்டார். இப்போது வேறொருவரின் வேனைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அந்தத் தம்பி எழுதினது தப்பாங்க?"

"இல்ல. நானா இருந்தாலும் அதுக்குக் கிட்டத்தான் எழுதியிருப்பேன்."

"அப்புறம் ஏன் இவரு இப்படி..."

"நான் அவனுக்கு வெளங்கப்படுத்தியிருப்பேன். வேனைச் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியிருப்பேன். காசு அதேதான் வந்திருக்கும். அவன் என்னோட பேசிக்கிட்டிருந்திருப்பான்."

எழுந்து வெளியே போய்விட்டார். நான் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இவரை வீதியில் கண்டால் மறுபக்கம் போகத் தொடங்கினார். ஹட்டன் சின்ன டவுன். ஒரே பிரதான வீதி. யாரையும் பார்க்காமல் இருக்க முடியாது. இவர் கராஜுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்.

வெளிநாட்டுப் பேச்சை அவர் எடுத்தது நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வளைகுடாவில் ஒரு பெரிய வாகனக் கராஜ், தட்டி நெளிவெடுக்கும் வேலை, கராஜில் கூட வேலை செய்த ஒருவரின் தம்பி அங்கே இருக்கிறார் என்றார். எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகுதான் என்னிடம் சொல்கிறார் என்பது விளங்கியது.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"தட்டற வேலைக்கு வயசு பாக்க மாட்டாங்களாம்."

"இங்க இருக்கறதை வச்சு..."

"மக பாஸ் பண்ணினா கெம்பஸ்ஸுக்கு அனுப்பணும். எந்த ஊருல எடம் கெடைக்குதோ." கதவுப் பக்கம் திரும்பினார். "இங்க ரோட்டுல போறப்ப வர்றப்ப எல்லாம் வாகனம்தான் கண்ணுல படுது. ஒவ்வொன்னையும் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போறேன். அங்க யாருக்கும் என்னயத் தெரியாது."

ரொட்டி கருகிப்போனது. வேறொன்று தட்டினேன். போக வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று மகள் பிறகு கேட்டாள். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு அவரை இங்கே இருத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் போன நாளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைத் தூறல். மகள் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு கையால் அவளையும் மறு கையால் பையையும் பிடித்திருந்தார். என்னிடம், "கூரையில இன்னொரு தகரம் ஆடுது, ஆள் பிடிச்சுச் செஞ்சுக்க" என்றார். பஸ் கிளம்பிய பிறகு மகளும் நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் நின்றவர்களிலும் அழுதுகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த நிலையத்தில் கொழும்பு பஸ் போகும் நேரமெல்லாம் அப்படித்தான்.

அதற்கு அடுத்த வாரம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வேன் அண்ணன். கையில் பேக்கரிப் பையில் மாலு பணிஸ், உள்ளே மீன் வைத்த பன். மகளுக்குச் சின்ன வயதில் வாங்கித் தருவார்.

"போயிட்டானா?" என்றார்.

"போயிட்டாருங்க."

"சொல்லவே இல்ல."

"நீங்க பேசாம இருந்தீங்களே அண்ணே."

அவர் உட்கார்ந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் நம்பரைக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அண்ணன் கூப்பிட்டாரா என்று பிறகு போனில் இவரிடம் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்கவில்லை.

நான் முகவராகவே இருக்கிறேன். வருடா வருடம் புதுப்பிக்கிறேன், நிறுவனம் தன் பாதியைக் கட்டுகிறது. ஆனால் மலையில் பாலிசிகள் குறைந்துகொண்டு போகின்றன. பாதியில் நிறுத்திவிட்டு, கட்டியது எவ்வளவு திரும்பும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களிடம் தொடர்ந்து கட்டுங்கள் என்று சொல்வது என் வேலை. சில வீடுகளில் அடுப்பைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வருவதில்லை. போன மாதம் ஒரு பெண், நான் முதன்முதலாக எழுதிய பாலிசிகளில் ஒன்று அவளுடையது, நிறுத்தக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைத் தேற்றினாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா, ஒங்க மேல ஒன்னும் இல்ல" என்றாள். அவளுடைய மகள் சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு காப்புறுதியைப் பற்றிப் பேசவில்லை. அங்கே வெயில் எப்படி, போன் எப்போது வரும் என்று இருட்டும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவார். வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். ஒரு முறை மட்டும் சொன்னார்.

"இங்கயும் ஒருத்தர் வர்றாரு. கம்பனிக்காகப் பாக்க. பைலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வண்டியச் சுத்தி வருவாரு. எந்த நாட்டு ஆளுன்னு தெரியல."

"நீங்க பேசுவீங்களா?"

"நானா? அவரு வந்தா நாங்கள்லாம் ஒதுங்கி நிக்கணும். பார்த்து முடிச்சுப் போனப்புறம்தான் வண்டியில கை வைப்போம்."

சிரித்தபடிதான் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நான் வெகுநேரம் கைத்தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.

மகள் பரீட்சையில் தேறி, இப்போது கிழக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படிகளுக்கு மேலே உள்ள வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். அவருடைய வேலை ஒப்பந்தம் முடியும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமான பேச்சு எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார்:

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுக்குறியான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

மகளுக்கு இன்னும் படிப்பு இருந்தது. இங்கே அவருக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். கராஜ் இருந்தது. மழை இருந்தது. நான் இருந்தேன்.

"ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"எனக்குப் பழகிருச்சு."

"அப்ப குடுங்க" என்றேன்.

மறுநாள் சம்பளத்துக்கு அடுத்த நாள். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை, யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நுவரெலியா வரும் வரைக்கும் பனி விலகவே இல்லை.